ஞாயிற்றுக்கிழமைப் பட்டறைக்கு என்ன செலவாகும்?

கேள்வி: எனக்கு ஊர் திமிரி. அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியர், வயது 47. ஒரு வருடமாகத் தோல் வேலை கற்றுக்கொண்டு, கையாலேயே பர்ஸ், பெல்ட், கண்ணாடிக்கூடு என்று தைத்து வருகிறேன். விற்பதற்கல்ல, மனசுக்கு. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கும் என் மச்சான், ராணிப்பேட்டை பக்கம் சின்ன யூனிட் ஒன்றை மூடுகிறார்கள், மிஷினெல்லாம் மலிவாக வருகிறது என்றார். தையல் மிஷின் 38,000, ஸ்கைவிங் மிஷின் 22,000, தோல் வெட்டும் ஆர்ம் பிரஸ் 60,000 ரூபாய். தையல் மிஷினை நேரில் பார்த்தேன். மேசைக்கு மேலே தூண் மாதிரி ஒன்று நிற்கிறது, அதன் தலையில்தான் தையல் விழுகிறது. ஊசிக்குப் பக்கத்தில் சின்னச் சக்கரம் உருள்கிறது. அருமையாக ஓடுகிறது. மச்சான் 5,000 அட்வான்ஸும் கொடுத்துவிட்டார். மாடியில் ஒரு அறை காலியாக இருக்கிறது. ஆசிரியர் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் கிடைக்கும். வீட்டில் மட்டும், "போன தடவை வாங்கின கேமரா பீரோவுல தூங்குது" என்கிறார்கள். இந்த 1,20,000 ரூபாய்க்கு மேல் இன்னும் என்னென்ன செலவு வரும்? பின்பக்கம் பழைய சிமெண்ட் தொட்டி ஒன்று இருக்கிறது. பச்சைத்தோல் வாங்கி அதில் நானே பதனிட்டால் தோல் செலவாவது மிச்சமாகுமா?

பதில்: சார், முதலில் அந்தத் தூணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அப்புறம்.

நீங்கள் பார்த்தது போஸ்ட் பெட் மிஷின். உருளும் சக்கரம் ரோலர் ஃபுட். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று எங்கே போனாலும் ஷூ அப்பர் தைக்கிற லைனில் வரிசையாக நிற்பது இந்த ரகம்தான். ஷூவின் மேல்பாகம் தைக்கத் தைக்கத் தட்டையாக இருப்பதில்லை. குதிகால் பக்கம் வளையும், மூக்குப் பக்கம் குவியும். அதை மேசையில் பரப்பித் தைக்க முடியாது என்பதால்தான் தையலைத் தூணின் தலைக்கு ஏற்றினார்கள். நெருக்கமான வளைவில் சட்டென்று திரும்புவதற்கும், தோலின் முகத்தில் தடம் பதியாமல் இருப்பதற்கும் அந்தச் சக்கரம். அந்த வேலைக்கு அதைவிடப் பொருத்தமான மிஷின் கிடையாது. ஆனால் உங்களுக்கு அது ஆகாது. பர்ஸ் தட்டையான பொருள். தூணின் தலையில் வைத்தால் இரண்டு பக்கமும் தாங்கலில்லாமல் தொங்கும், தையல் கோடு கோணும். பையின் வாரும் பெல்ட்டும் இன்னும் மோசம். ஷூ அப்பரில் இரண்டு மூன்று மெல்லிய அடுக்குகள்தான். நீங்கள் தைக்கப்போகும் வாரில் மடிப்பும் ஒட்டும் சேர்ந்து ஐந்தாறு மில்லிமீட்டர் கனம் வந்துவிடும். அதற்கான நூலையும் அந்த மிஷின் ஏற்காது, கனத்தையும் தள்ளாது.

உங்களுக்கு வேண்டியது ஃப்ளாட் பெட் அல்லது சிலிண்டர் ஆர்ம், அதிலும் காம்பவுண்ட் ஃபீட். அதாவது ஊசி, கீழ்ப்பல், மேல்கால் மூன்றும் சேர்ந்து தோலை நகர்த்தும் மிஷின். மச்சானைக் குறை சொல்லவில்லை. தினமும் அவர் கண்முன் ஓடுவது போஸ்ட் பெட், அதனால் தையல் மிஷின் என்றதும் அவருக்கு அதுதான் தோன்றும். நம் தோல் தொழில் வட்டாரத்தில் பழைய மிஷின் மலிவு என்பது உண்மைதான். ஆனால் மலிவாகப் புழங்குவது ஷூ மிஷின். பை மிஷினுக்குத் தேடத்தான் வேண்டும், விலையும் இறங்காது. ஆகவே உங்கள் பட்டியலில் இருக்கும் முதல் மறைமுகச் செலவு அந்த 38,000 ரூபாயேதான்.

இனி மோட்டார். எந்த மிஷினானாலும் மோட்டாரில் அறைந்திருக்கும் தகட்டைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள். கம்பெனியிலிருந்து வருபவற்றில் பல 415 வோல்ட் த்ரீ ஃபேஸ். உங்கள் வீடு சிங்கிள் ஃபேஸ் என்றால் மோட்டாரையே மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஈ.பி.யில் லோடு கூட்டக் கேட்டு, டெபாசிட் கட்டி, வயரிங் மாற்றி, எர்த் சரி பார்க்க வேண்டும். மாற்றுவதாயிருந்தால் சர்வோ மோட்டார் போடுங்கள். பழைய கிளட்ச் மோட்டார் சுவிட்ச் போட்ட நொடியிலிருந்து நீங்கள் தைத்தாலும் தைக்காவிட்டாலும் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். மாடி அறையில் அது ஓடினால் கீழே படுத்திருப்பவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கம் கிடையாது. சர்வோ, மிதித்தால்தான் சுற்றும். வேகத்தை அடக்கி ஒவ்வொரு தையலாகவும் போடலாம். புதுக் கைக்கு அது பெரிய காப்பு, ஏனென்றால் இந்த மிஷின்களின் ஊசி விரல் எலும்பைப் பார்த்து நிற்காது.

கரண்ட் செலவைக் கண்டு நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. 550 வாட் மோட்டார் தினமும் ஒரு மணி நேரம் முழுதாக ஓடினால்கூட இரண்டு மாத ரீடிங்குக்கு 33 யூனிட்தான் வரும். ஏற்கனவே அடுக்கின் விளிம்பில் நிற்கிற வீடு என்றால் மட்டும் அது அடுத்த அடுக்குக்குத் தள்ளிவிடும். இன்னொன்று. இன்றைக்கு மனசுக்கு என்கிறீர்கள். நாளை சக ஆசிரியர்கள் ஆளுக்கொரு பெல்ட் கேட்பார்கள், நீங்களும் காசு வாங்குவீர்கள். வீட்டு இணைப்பில் தொழில் நடத்துவது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆவது பிரிவில் அனுமதியில்லாப் பயன்பாடு. உரிய கட்டணத்தைப் போல் இரண்டு மடங்கு போட்டுவிடுவார்கள். விற்பனை தொடங்கினால் குறுந்தொழிலுக்கான தனி இணைப்பு பற்றி உங்கள் பிரிவு அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

நீங்கள் எந்தத் தோலில் வேலை செய்கிறீர்கள் என்று எழுதவில்லை. முழுக் கணக்கும் அதில்தான் இருக்கிறது. நம் பக்கம் கிடைக்கும் தோலில் பெரும்பகுதி குரோமியம் உப்பில் பதனிட்ட குரோம் தோல், வெட் புளூ என்னும் ஈர நீலத் தோலிலிருந்து வந்து சாயமும் பூச்சும் ஏறியது. மிருதுவானது, நிறம் நிறமாகக் கிடைக்கும். ஆனால் வெட்டிய விளிம்பைத் தண்ணீர் தொட்டு எவ்வளவு தேய்த்தாலும் பளபளப்பு வராது, பஞ்சு பஞ்சாகவே நிற்கும். அதனால் விளிம்பை உள்ளே மடிக்க வேண்டும், மடிக்க வேண்டுமானால் ஓரத்தை மெல்லியதாகச் சீவ வேண்டும். அங்கேதான் ஸ்கைவிங் மிஷின் வருகிறது. சீவியதை ஒட்ட சொல்யூஷன் வருகிறது. ஒட்டியதைத் தட்ட சுத்தியும் கல்லும். மடிக்க மனமில்லை என்றால் எட்ஜ் பெயிண்ட், அதற்கு அடுப்பு மாதிரி ஒரு சூடேற்றி, நாலைந்து பூச்சு, இடையிடையே தேய்ப்பு. ஒன்று இன்னொன்றைக் கேட்கும், அது மற்றொன்றை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இந்தப் பொழுதுபோக்குக்கென்றே சொல்லி வைத்தது போல இருக்கிறது.

மரப்பட்டையில் பதனிட்ட தோல் வேறு சாதி. நம் முன்னோர் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டு, சென்னைத் துறைமுகம் வழியாகக் கப்பலேற்றிய ஈ.ஐ. லெதர், அதாவது ஈஸ்ட் இந்தியா லெதர், அந்த வழியில் வந்ததுதான். இன்று அதற்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. பட்டைத் தோலின் விளிம்பை ஈரம் தொட்டு, கட்டையால் தேய்த்தாலே கண்ணாடி மாதிரி வரும். மடிக்க வேண்டாம், சீவுவதும் குறைவு. அதற்கு ஸ்கைவிங் மிஷின் தேவையே இல்லை, ஒரு நல்ல கைக்கத்தி போதும். விலை அடிக்குக் கூடுதல்தான். ஆனாலும் உங்கள் 22,000 ரூபாயில் எத்தனை அடி வரும் என்று ஒரு தடவை போட்டுப் பாருங்கள். சென்னை பெரியமேட்டில் கிடைக்கும். திண்டுக்கல், ஈரோடு பக்கமும் விசாரிக்கலாம்.

ஸ்கைவிங் மிஷினைப் பற்றி இன்னும் கொஞ்சம். மணி வடிவக் கத்தி ஒன்று வேகமாகச் சுற்றும், உள்ளேயே இருக்கும் கல்லில் அதைத் தீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு தீட்டலிலும் கத்தி குறையும், கல்லும் குறையும், தோலைத் தள்ளுகிற உருளையும் தேயும். கம்பெனியில் அதற்கென்று ஒரு கைதேர்ந்த ஆள் இருப்பார். அவர் காலையில் வந்து அரைமணி நேரம் செட்டிங் செய்துவிட்டுத்தான் வேலை தொடங்குவார். வாரத்துக்கு ஒருமுறை தொடுகிறவருக்கு அந்த மிஷின் பிடிபட மாதங்கள் ஆகும். அதுவரை அது தின்பது உங்கள் தோலை. அதைச் சரி பார்க்க மெக்கானிக் ராணிப்பேட்டையிலிருந்து திமிரிக்கு வர வேண்டும். ஒரு வீட்டில் நிற்கும் ஒரே மிஷினுக்காக அவர் வண்டியை எடுக்கும் நாள் எது என்பதை அவர்தான் முடிவு செய்வார்.

ஆர்ம் பிரஸ்ஸை நான் ஒரேயடியாக வேண்டாம் என்பேன். எடை கிட்டத்தட்ட ஒரு டன் வரும். மாடிக்கு ஏற்றும் பொருளல்ல அது. ஏற்ற கிரேன் வேண்டும், ஏற்றியபின் ஒவ்வொரு அடிக்கும் தளம் அதிரும். அது வெட்டுவதற்கு டை வேண்டும். எஃகுப் பட்டையை வடிவத்துக்கு வளைத்துச் செய்வது டை. ஒரு பர்ஸுக்கே உடல், உள் அறை, அட்டைச் செருகி, லைனிங் என்று நாலைந்து தேவைப்படும். அடுத்த வாரம் உங்களுக்கு அரை அங்குலம் அகலமான பர்ஸ் தைக்கத் தோன்றினால் அத்தனையும் புதிது. டையின் கீழே வைக்கும் பலகையும் வெட்டு வாங்கி வாங்கிக் குழியும், மாற்ற வேண்டும். ஒரே துண்டை ஆயிரம் முறை வெட்டுகிறவருக்கு அது லாபம். ஒவ்வொரு வாரமும் வடிவத்தை மாற்றிப் பார்ப்பதில் சந்தோஷம் காண்கிறவருக்கு அது கைவிலங்கு.

பாதுகாப்பு விஷயம் வேறு இருக்கிறது. இப்போது வரும் பிரஸ்களில் இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் தலை இறங்கும். பழையவற்றில் ஒரு கை போதும், மற்றக் கை டைக்குப் பக்கத்தில் சும்மா இருக்கும். இறங்குவது இருபது டன் அழுத்தம். மலிவாகத் தள்ளிவிடும் பழைய பிரஸ்ஸில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் இருக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். உங்களுக்குத் தேவைப்படும் அளவுக்கு எஃகு ஸ்கேலும் கத்தியும் போதும். மிஞ்சினால் கையால் இழுக்கும் சின்ன பிரஸ்.

சொல்யூஷனுக்கு வருகிறேன். ரப்பர் பிசின்களைக் கரைத்து வைத்திருப்பது டொலுயீன் போன்ற ஆவியாகும் திரவங்கள். 1960களில் ஜப்பானில் செருப்பு ஒட்டும் குடிசைத் தொழிலில் இருந்த பலருக்குக் கை கால் மரத்து நடை தளர்ந்தது. பசையிலிருந்த ஹெக்ஸேன் நரம்புகளைக் கெடுத்திருந்தது. அவர்கள் உட்கார்ந்திருந்தது தொழிற்சாலையில் அல்ல, காற்றோட்டம் இல்லாத சொந்த வீட்டு அறைகளில். இந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு படர்ந்து போகும். மாடி அறையின் கதவிடுக்கு வழியாகப் படியிறங்கிப் பூஜை அறை விளக்கையோ சமையல் அடுப்பையோ தொட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வெளியே இழுத்துத் தள்ளும் எக்ஸாஸ்ட் ஃபேன், மூடியுள்ள இரும்பு அலமாரி, கைக்கெட்டும் இடத்தில் தீயணைப்பான் மூன்றும் செலவுதான், பட்டியலில் எழுதிக்கொள்ளுங்கள். தண்ணீரில் கரைத்த பிசின்களும் கிடைக்கின்றன. காயக் கொஞ்சம் நேரமாகும், அவசரமில்லாத உங்களுக்கு அதனால் நஷ்டமில்லை. விளிம்பை எமரித் தாளில் தேய்க்கும்போது முகக்கவசம் போடுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, தோல் தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. மூக்குதான் அதற்கு இலக்கு.

சாமான் செலவு, வாங்கும்போது தெரியாது, அலமாரி நிறைந்தபின்தான் தெரியும். மாட்டுத்தோலைப் பாதித் தோலாகத்தான் கொடுப்பார்கள், 18 சதுர அடி என்று வையுங்கள். அடி 100 ரூபாய் என்றால் 1,800. வயிற்றுப் பக்கம் இழுத்தால் நீளும், கழுத்துச் சுருக்கம், உண்ணி கடித்த தடம், வேலிக்கம்பி கீறல் எல்லாம் போக உருப்படியாக 13 அடி தேறினால் நல்ல கொள்முதல். அப்படியானால் அடி 138 ரூபாய்க்கு மேல் ஆகிவிட்டது. பர்ஸுக்கு வேண்டியது ஒரு அடி சொச்சம். மீதி சுருட்டி நிற்கும். அடுத்து தவிட்டு நிறம், கறுப்பு, லைனிங்குக்கு ஆட்டுத்தோல். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கோன் நூல். ஒரு கோன் தீர உங்கள் வேகத்தில் வருடங்கள் ஆகும். கார்த்திகை மழையில் சுவரோரம் வைத்த தோலில் பூஞ்சை ஏறும், மிஷினில் துரு ஏறும். யூனிட்காரர்கள் கிலோ கணக்கில் தள்ளிவிடும் கட்பீஸ் ஒரு பொழுதுபோக்குக்காரருக்கு வரப்பிரசாதம். பர்ஸும் சாவிக்கொத்தும் தைக்க அதுவே போதும். மச்சானிடம் கேட்க வேண்டியது அதைத்தான்.

கடன் கணக்கை நீங்களே போடுவீர்கள், இருந்தாலும் போட்டுவிடுகிறேன். 1,20,000 ரூபாயை 12 சதவீத வட்டியில் மூன்று வருடத்துக்கு வாங்கினால் மாதம் 3,986 ரூபாய் பிடிப்பார்கள். வட்டி மட்டும் சுமார் 23,500. அது இன்னொரு ஸ்கைவிங் மிஷின் விலை. வீடு, படிப்பு, வைத்தியம் என்றால் கடன் வாங்கத்தான் வேண்டியிருக்கும். பொழுதுபோக்குக்குச் சம்பளத்தில் பிடித்தம் என்றால், மனசுக்கு என்று தொடங்கியது மாதா மாதம் மனசை உறுத்தும். தைக்கப் பிடிக்காத வாரத்திலும், கடன் கட்டுகிறோமே என்று போய் உட்காருவீர்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒரு பர்ஸில் ஓடும் தையலின் மொத்த நீளம் ஒரு மீட்டர் இருக்கும். 4 மில்லிமீட்டர் தையல் என்றால் 250 தையல். அடக்கி ஓட்டினால்கூட நிமிடத்துக்கு 500 போடும் மிஷினுக்கு அது அரை நிமிட வேலை. இரண்டு ஊசி பிடித்துக் கையால் தைத்தால் நிமிடத்துக்கு நான்கு, ஒரு மணி நேரம். ஆக மிஷின் உங்களுக்கு ஒரு பர்ஸில் ஒரு மணி நேரம் மிச்சம் பிடிக்கிறது. மிச்சமாகும் அந்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்யப்போகிறீர்கள் சார்? வடிவம் வரைவதும், வெட்டுவதும், ஒட்டுவதும் எப்படியும் அப்படியேதான் இருக்கும். நீங்கள் கடிதத்தில் சந்தோஷமாக எழுதியிருப்பது தைப்பதைப் பற்றி மட்டும்தான்.

கைத்தையலை மட்டமாக நினைக்கவும் வேண்டாம். 1837-ல் குதிரைச் சேணம் செய்யும் பட்டறையாகப் பாரீஸில் தொடங்கிய ஹெர்மேஸ் இன்றுவரை பைகளில் அதே இரண்டு ஊசித் தையலைப் போட்டுத்தான் உலகத்திலேயே பெரிய விலை வாங்குகிறது. கைத்தையலின் இன்னொரு விலையும் நம் ஊரிலேயே தெரியும். ஆம்பூர், வாணியம்பாடி சுற்று வட்டாரக் கிராமங்களில் பெண்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஏற்றுமதி ஷூக்களின் அப்பரைக் கையால் தைத்துக் கொடுக்கிறார்கள். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. ஹோம்வொர்க்கர்ஸ் வேர்ல்ட்வைட், சிவிடெப் போன்ற அமைப்புகள் 2016-ல் இவர்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வைப் படித்தால் வீட்டுப் பட்டறையின் செலவு என்ன என்பது புரியும். கூலிக்கு வெளியே அவர்கள் கொடுப்பது முதுகு, தோள், கண். பி.எஃப். இல்லை, ஈ.எஸ்.ஐ. இல்லை, வெளிச்சமும் இடமும் அவர்களுடையது. உங்களுக்கு அந்த நெருக்கடி கிடையாது, வலித்தால் எழுந்துவிடலாம். ஆனால் முதுகும் கண்ணும் எல்லோருக்கும் ஒன்றுதான். நல்ல நாற்காலி, தோலின் மேல் நேராக விழும் நல்ல விளக்கு, தையல் பிடிக்கும் மரக்கவ்வி இந்த மூன்றுக்கும் செலவு செய்யுங்கள். அதற்கு யார் கணக்குக் கேட்டாலும் நான் பதில் சொல்கிறேன்.

அந்தத் தொட்டி விஷயம். தொடவே கூடாது. ஒரு கிலோ பச்சைத்தோலைப் பதனிட 30 முதல் 40 லிட்டர் தண்ணீர் போகும் என்பது தொழிலில் பொதுவான கணக்கு. இருபது கிலோ மாட்டுத்தோல் ஒன்றுக்கே 600 முதல் 800 லிட்டர். அதில் தோலைக் கெடாமல் வைத்திருந்த உப்பும், மயிர் நீக்கிய சுண்ணாம்பும் சல்ஃபைடும், பதனிட்ட ரசாயனமும் கலந்து வெளியே வரும். எங்கே விடுவீர்கள்? பக்கத்துக் கழனிக் கிணற்றுக்குத்தான் அது போய்ச் சேரும். பாலாற்றங்கரையில் நடந்தது அதுதான். தோலின் விலையில் சேராமல் விட்ட செலவைக் கிணறுகளும் நிலங்களும் கட்டின. 1996 ஆகஸ்ட் 28-ஆம் தேதி வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கில் உச்ச நீதிமன்றம், கெடுத்தவனே ஈடு கட்ட வேண்டும் என்று சொல்லித் தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கான இழப்பீடு பற்றி 2025 ஜனவரி 30-ஆம் தேதிகூட அதே நீதிமன்றம் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. கிட்டத்தட்ட முப்பது வருடம் கழித்தும் கணக்கு முடியவில்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு இல்லாமல் தோல் பதனிட முடியாது, வீட்டுத் தொட்டிக்கு அந்த இசைவு வராது. தொட்டியில் தாமரை விடுங்கள்.

இதனோடு சேர்ந்த சின்ன விஷயம், குரோம் தோல் துண்டுகளை வெந்நீர் அடுப்பில் போட்டு எரிக்காதீர்கள். நம் பக்கத்தில் அது பழக்கம். எரியும்போது அதிலுள்ள குரோமியம் நச்சு வடிவத்துக்கு மாறக்கூடும். துண்டுகளைச் சேர்த்து வைத்து, மச்சான் வரும்போது கம்பெனிக் கழிவோடு சேர்க்கச் சொல்லுங்கள்.

அப்படியானால் மிஷினே வேண்டாமா என்றால், பைகள் தைக்கத் தொடங்கும்போது ஒன்று வேண்டியிருக்கலாம். பையில் தையல் நீளம் அதிகம், லைனிங் துணியைக் கையால் தைப்பது சலிப்பு. ஆனால் வாங்கும் முன் அதன் நேரத்தை வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். வேறு ஊர்க்காரர்களுக்குக் கிடைக்காத வசதி உங்களுக்கு இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 1990களில் தொடங்கி, ஓய்வு பெற்றவர்கள் கூட்டாகப் பட்டறை வைத்து மிஷின்களைப் பகிர்ந்துகொள்கிறார்கள். நமக்கு அதைப் புதிதாக உண்டாக்க வேண்டியதே இல்லை, பாலாற்றின் இரு கரையிலும் மிஷின்கள் நிற்கின்றன. ஆற்காடு, ராணிப்பேட்டை பக்கம் பை, பர்ஸ் ஜாப் வொர்க் செய்யும் சின்ன யூனிட் ஒன்றை மச்சான் காட்டிக் கொடுக்கட்டும். வெட்டி ஒட்டித் தயாராகக் கொண்டுபோனால் தைத்துக் கொடுக்கக் கூலி கேட்பார்கள். கொஞ்சம் பழகினால் மிஷினில் உட்காரவும் விடுவார்கள். அப்படி ஒரு ஆறு மாதம் ஓடினால் உங்களுக்கு எந்த மிஷின் வேண்டும் என்று என்னைக் கேட்க வேண்டியிருக்காது. முறையாகக் கற்க ஆசையிருந்தால் கிண்டியில் மத்திய காலணிப் பயிற்சி நிலையம், அடையாறில் 1948-லிருந்து இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இரண்டிலும் குறுகிய காலப் பயிற்சிகள் பற்றி விசாரிக்கலாம். நந்தம்பாக்கத்தில் நடக்கும் தோல் கண்காட்சிக்கு ஒருமுறை போனால் மிஷின்களை ஒரே கூரையின் கீழ் ஓடவிட்டுப் பார்க்கலாம். வாங்காமல் திரும்பும் மனவுறுதி மட்டும் வேண்டும்.

வீட்டில் சொல்வதையும் கவனியுங்கள். கேமரா பீரோவில் இருக்கும் ஒவ்வொரு மாதமும் அதன் விலை இறங்குகிறது. அதை விற்றுவிடுங்கள். வரும் பணம்தான் இந்தப் பட்டறையின் முதல். அதற்குள் அடங்கும்படி ஆரம்பித்தால் சங்கத்துக்கும் போக வேண்டாம், அடுத்த முறை வீட்டில் பேசும்போது குரலையும் தாழ்த்த வேண்டாம்.

அட்வான்ஸ் 5,000 போனால் போகட்டும், அதைக் காப்பாற்ற 1,15,000 கொடுப்பதில் அர்த்தமில்லை. ஆனால் போகவிடும் முன் அந்த யூனிட்காரரிடம் ஒன்று கேளுங்கள். மூடுகிற இடத்தில் மிஷினைத் தவிர இன்னும் பல இருக்கும்: வெட்டும் பலகை, கத்திகள், சுத்திகள், நூல் கோன்கள், கட்பீஸ் மூட்டை, பக்கிள் டப்பாக்கள். 5,000 ரூபாய்க்கு அவற்றை எடுத்துக்கொள்ள ஒப்புக்கொள்வார் என்றே நினைக்கிறேன், அவருக்கும் இடம் காலியாக வேண்டும். அங்கே ஒரு மூலையில் ஃப்ளாட் பெட் காம்பவுண்ட் ஃபீட் மிஷின் நின்றால், அவர்கள் கொடுக்கும் துண்டில் தைத்துப் பார்க்காதீர்கள், அது மிஷினுக்குப் பழகிய தோல். நீங்கள் பெல்ட் தைக்கும் தோலையே நான்கு மடிப்பாக ஒட்டிக் கொண்டுபோங்கள், உங்கள் நூலையும் கையோடு எடுத்துப்போங்கள். டிபி×17 ரகத்தில் தோலுக்கான புது ஊசி ஒன்று போட்டு, மெதுவாக ஒரு முழம் தைத்து, திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். முடிச்சு அடியில் தொங்கினால் முதலில் நூல் இழுவையைத் திருத்திப் பார்க்கச் சொல்லுங்கள். தையல் விட்டு விட்டுப் போனால் ஹுக் தேய்ந்திருக்கலாம், இல்லை டைமிங் தவறியிருக்கலாம். எது என்று அவர்கள் மெக்கானிக்கையே உங்கள் கண்முன் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் பக்கிள் டப்பாவோடு ஆற்காடு பஸ் ஏறிவிடுங்கள்.